ரோனனா, காஹலா

1

எங்கள் மகனுக்கு இப்போது மூன்று மாதம். பெயர் காஹல். இதை ஊருக்குப் போன் எடுத்துச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஓய்வில்லை. கிளிநொச்சியில் இருக்கிற சித்திதான் முதலில் பிடித்துக்கொண்டவர்.

"இதென்ன பேரடி? சாமிப் பேருமில்லை, தமிழ்ப் பேருமில்லை. வெள்ளைக்காரப் பேர்தான் வைக்கிறதெண்டாலும் மைக்கல், ஜோர்ஜ் எண்டு ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"அயர்லாந்துப் பேர் சித்தி. கெவினின்ரை அப்பாவின்ரை பேர்."

"நட்சத்திரத்துக்கு எழுத்துப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியமுதலே வைச்சிட்டியளோ?"

"இஞ்சை பத்து நாளுக்குள்ளை நகரசபையிலை பதிய வேணும் சித்தி. அவங்களுக்குத் துடக்குக் கணக்குத் தெரியாது."

"ம். படிச்ச பிள்ளை. நீ செய்தால் அதிலை ஏதும் நியாயம் இருக்கும்."

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அதன்பிறகு பெரியம்மா கேட்டார், மாமா கேட்டார், என்னோடு முதலாம் வகுப்பில் இருந்தவளின் தாய்கூடக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

படித்த பிள்ளை என்பதை நான் மறுக்கப்போவதில்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். அம்மா ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே இடம்பெயர்ந்தவர்; திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குள் இராணுவ முகாம் இருந்தது. அப்பா முதலில் தனியாக இத்தாலிக்கு வந்து, போர் முடிந்த பிறகு எங்களைக் கூப்பிட்டார். எட்டு வயதில் பலேர்மோவில் வந்து இறங்கிய நான் இதே ஊரில் பட்டம் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். இப்போது வெளிநாட்டவர்களின் பத்திர வேலைகளைச் செய்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர்கள் எல்லோரும் என் மேசைக்கு வருகிறார்கள். தகப்பன் பெயர் முன்னால் வந்ததால் மகன் தகப்பனாகவே பதியப்பட்ட வீடுகள் உண்டு. ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு குடும்பப்பெயர் இருப்பதும் உண்டு. இந்தச் சிக்குகளைத் தினமும் அவிழ்க்கிறவளுக்குப் பெயர் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வரத்தானே செய்யும்.

2

கெவின் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து இங்கே ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர். அவரைப் பற்றி முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஊர்ப் பெடியன்?"

"அயர்லாந்து."

"அது லண்டனுக்குப் பக்கத்திலையோ?"

இதைக் கெவினிடம் சொன்னேன். "பக்கத்தில்தான். அதுதான் எங்கள் பிரச்சினையே" என்றார். அந்தப் பதிலை அப்பாவுக்கு மொழிபெயர்த்தபோது அவர் சிரித்தார். பெரிய ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊரின் பாடு அவருக்கு விளங்கும். கலியாணத்துக்கு அன்றைக்கே பாதிச் சம்மதம் வந்துவிட்டது.

கலியாணத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்தோம். பெண் பிறந்தால் தமிழ்ப் பெயர், ஆண் பிறந்தால் ஐரிஷ் பெயர். தமிழில் ஒன்று, ஐரிஷில் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்றுதான் கெவின் சொன்னார். வேண்டாம் என்றவள் நான். ஓர் ஆளுக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது.

என் அப்பாவின் பெயர் செல்வராசா. அதுவே என் குடும்பப்பெயராகப் பதியப்பட்டிருக்கிறது. ஆனால் பலேர்மோவில் அவரைச் செல்வராசா என்று கூப்பிடுகிறவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். ஒரேத்தோ பகுதியில் வயதான ஓர் அம்மாவின், இங்கத்தைய பேச்சில் சின்யோராவின், வீட்டில் சமைத்து, துடைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார். அங்கே அவர் சல்வோ. முதல் நாளே அந்தம்மா வைத்த பெயர். கடைக்காரருக்கும் சல்வோ, அந்த மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் சல்வோ. எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது. ஜோகேஸ்வரி அக்கா ஜூசி, பரமநாதன் அண்ணை பாவ்லோ.

என்னையும் பள்ளிக்கூடத்தில் மரியா ஆக்கப் பார்த்தார்கள். என் பெயர் மயூரதி. வாத்தியார் நல்ல மனுசி, எல்லோருக்கும் லேசாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். நான் மரியா என்ற கூப்பாட்டுக்குத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். இத்தாலியன் ஒரு வசனம் தெரியாத காலம். திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் தெரியும். மூன்றாம் கிழமை மயூரதி என்று கூப்பிட்டார்கள்.

அந்தத் துணிவோடு, பன்னிரண்டு வயதில், சின்யோராவிடமும் போய் "என் அப்பாவின் பெயர் சல்வோ இல்லை" என்று சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"உன்ரை பெருமையை உன்ரை பள்ளிக்கூடத்திலை வைச்சுக்கொள். என்ரை வேலையிடத்துக்குக் கொண்டு வராதை."

அவர் என்னோடு அப்படிக் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாய் திறந்ததில்லை.

3

ஸ்கேனில் ஆண் என்று தெரிந்தது. கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் எனக்கில்லை. கெவின் ஐரிஷ் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஃபியாக்ரா, ருவாரி, ஓஷீன். எழுதிக் காட்டச் சொன்னேன். பார்த்துவிட்டு, அலுவலகங்களின் கண்ணாடிக்குப் பின்னால் இந்தப் பெயர்களுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குச் சொன்னேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ரோனன், காஹல்.

ரோனன் அவர்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத பெயர். காஹல் அவருடைய அப்பாவின் பெயர்.

"இரண்டில் ஒன்றை நீயே எடு" என்றார் கெவின். "ஐரிஷ் பெயர் என்றுதானே ஒப்பந்தம். எந்த ஐரிஷ் பெயர் என்பது உன் பாடு."

பிறக்கும்முன் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தார். அதனால் அப்பா, பெயர்களைச் சொல்லாமல், தாத்தாவின் பெயரா வேறு பெயரா என்று மட்டும் தன் சின்யோராவிடம் கேட்டு வந்தார். அந்தம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லையாம். சிசிலியில் மூத்த ஆண் பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர். இதில் தெரிவு செய்ய என்ன இருக்கிறது, நீங்கள் என்ன கடையில் சாமானா வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அம்மாவுக்குத்தான் காஹல் பிடிக்கவில்லை. நாக்குப் பிரளாததால் அல்ல. அந்தப் பெயரை முதல் தரமே கெவின் சொல்வதுபோலச் சொன்னவர் அம்மா. இங்குள்ளவர்கள் தடுக்கி விழுகிற அந்தக் காற்று, எங்கள் ஆட்கள் 'அகம்', 'முகம்' சொல்லும்போதே வந்துவிடுகிறது. அவருடைய பிரச்சினை வேறு.

"சம்பந்தியாரின்ரை பேரைச் சொல்லி எப்பிடியடி கூப்பிடுறது? அவன் ஓடித் திரியேக்கை, சோத்தைத் தட்டிவிடேக்கை, 'டேய் காஹல், முதுகிலை ரெண்டு போடுவன்' எண்டு சொல்லேலுமே? அந்த மனிசன் அங்கை உயிரோடை இருக்கிறார்."

இதை இத்தாலியனில் கெவினுக்கு விளக்கினேன். அவர் குழம்பிப்போனார். "என் அம்மா தினமும் என் அப்பாவை அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஏசுகிறார்" என்றார்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புருசன்ரை பேரைச் சொல்லியோ?"

"ஓம்."

"சத்தமாயோ?"

"றோட்டுக்குக் கேக்கும் எண்டு சொல்லுறார்."

"கடவுளே" என்றார் அம்மா. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்ததாக எனக்குப் பட்டது.

அம்மா தன் வாயால் செல்வராசா என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இஞ்சேருங்கோ" என்பார், அல்லது "மயூவின்ரை அப்பா". நான் சின்னவளாக இருந்தபோது அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க கெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அப்பா வேலையில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவிடம் கணவன் பெயர் கேட்டார். அம்மா பேசாமல் நின்றார். அதிகாரி மறுபடியும் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. கணவன் பெயர் தெரியாத மனைவி என்றால் அவர் வேறு என்னத்தை நினைப்பார்? நான் கால்விரலில் எம்பி நின்று, "அவவுக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டா. எங்கடை ஆக்கள் சொல்லுறேல்லை" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரையும் சொன்னேன். அதிகாரி கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "என் மனைவிக்கும் இதைப் பழக்கிவிட முடியுமா?" என்று கேட்டு முத்திரை குத்தினார்.

4

நான் ரோனன் பக்கம்தான் நின்றேன். அம்மா தாராளமாக ஏசலாம். அப்பாவுக்கு லேசு. பள்ளிக்கூடத்தில், பேக்கரியில், கால்பந்து மைதானத்தில் எந்தப் பலேர்மோக்காரனும் ஒரே மூச்சில் கூப்பிடுவான். இப்படி ஒவ்வொரு வசதியாக நினைத்துக்கொண்டு நாங்கள் இருக்கிற சீசா பகுதியில் வீட்டுக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்ற ஒரு காலையில், எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எல்லோருக்கும் லேசாக இருக்கட்டும் என்பதுதானே என்னை மரியா ஆக்க வந்த வாத்தியாரின் காரணமும். பிள்ளை பிறக்கும்முன்பே அவனுக்காக நான் அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபக்கமும் யோசித்தேன். காஹல் என்று வைத்தால் இந்த ஊர் அதை அப்படியே விடாது. கார்லோ என்பார்கள். வீட்டில் அம்மா கூப்பிட மாட்டார். தம்பி, கண்ணன் என்று ஏதாவது ஒன்று வந்து ஒட்டும். அயர்லாந்தில் மட்டும் காஹல். மூன்று இடத்தில் மூன்று பேராக என் மகன் வளர்வான். மொழியையே அவன் மூன்றாகப் பிரித்துத்தான் கதைக்கப்போகிறான். அதில் எது மிஞ்சும், எது கழன்று போகும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பெற்றோரோடு தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிக்கிற வசனங்களைத் தினமும் கேட்கிறேன். பெயராவது முழுதாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

5

ஒரு ஞாயிறு மத்தியானம் கெவினின் அப்பா வீடியோவில் வந்தார். வழக்கமாக இரண்டு அம்மாக்களும் கையைக் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள், அப்பாக்கள் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு கெவினின் அம்மா தேவாலயத்துக்குப் போயிருந்தார், கெவினும் வெளியே போயிருந்தார். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் காஹல், நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான்.

"என்ன வேலை செய்தவர் எண்டு கேள்" என்றார் அப்பா.

கேட்டேன். "பள்ளிக்கூட பஸ் ஓட்டினவராம். அதுக்கு முதல் லண்டனிலை கட்டடம் கட்டுற வேலையாம்."

"லண்டனிலையோ? இவரும் வெளிநாட்டு வேலைக்குப் போனவரோ?" அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அங்கை எப்பிடியாம்?"

காஹல் அதிகம் கதைக்கிறவர் அல்ல. அன்றைக்குக் கதைத்தார். முதல் நாள் மேற்பார்வையாளன் பெயர் கேட்டானாம். சொன்னாராம். "இதுக்கெல்லாம் இங்கே நேரமில்லை, நீ சார்ளி" என்றானாம். ஊருக்குத் திரும்பும்வரை சார்ளிதான். லண்டனில் ஒன்றாக வேலை செய்த ஒரு கூட்டாளி இவருடைய கலியாணத்துக்கு அயர்லாந்து வந்திருக்கிறார். தேவாலயத்தில் பாதிரியார் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னதும், வேறு யாருடையவோ கலியாணத்தில் வந்து இருந்துவிட்டோம் என்று அந்த மனுசன் எழும்பி வெளியே போகப் பார்த்தாராம்.

நான் மொழிபெயர்த்து முடிக்கும்முன்பே அப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைச் சல்வோ எண்டு சொல்லு அவருக்கு" என்றார்.

சொன்னேன். திரைக்குள் இருந்து காஹல் கையைத் தூக்கி, "சல்வோ!" என்றார்.

"சார்ளி!" என்றார் அப்பா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு காஹல், அப்பாவின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கேயோ எழுதியிருப்பதை வாசிப்பவர் போல மெதுவாக, "செல்வ... ராசா" என்றார். பிறகு இன்னொரு தரம், சேர்த்துச் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. "ஓம்" என்றார். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்வது போல.

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தாளிட்டை ஒண்டு கேள். இன்னும் பேர் வைக்கேல்லை எண்டும் சொல்லு. ஒருவேளை அவரின்ரை பேரை வைச்சால், நான் கோவத்திலை பெடியனை ஏசினால், குறை நினைக்கக்கூடாது எண்டு கேள்."

"அம்மா..."

"கேளடி."

கேட்டேன். காஹல் மரியாதையோடு முழுவதையும் கேட்டுக்கொண்டார். "தாராளமாக ஏசட்டும். என்னை ஏச வேண்டியது ஏதும் இருந்தாலும் அதோடு சேர்த்து ஏசச் சொல்" என்றார்.

போனை வைத்ததும் அப்பா, "அந்தாளின்ரை பேரையே வை" என்றார்.  அன்று பின்னேரம் கெவின் வந்ததும், காஹல் என்றே வைப்போம் என்று சொன்னேன். அவர் ஜன்னலடிக்குப் போய் நின்றார். கனநேரம் திரும்பவில்லை. இரண்டில் ஒன்றை எடு என்று லேசாகச் சொன்னவருக்கு அது அவ்வளவு லேசாக இருக்கவில்லை என்று அப்போதுதான் கண்டேன்.

6

மகன் நல்லபடி பிறந்தான். கெவினும் நானும் பதியப் போனோம். இத்தாலியில் இப்போது தாய், தகப்பன் இருவரின் குடும்பப்பெயரும் பிள்ளைக்கு வரும். பதிகிற பெண் காஹல் என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். கெவினின் குடும்பப்பெயரை எழுதினார். பிறகு செல்வராசா என்று எழுதினார். நான் வாசித்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தது.

வீட்டில் அப்பாவுக்குக் காட்டினேன். "என்ரை பேரை உன்ரை தலையிலை கட்டினது காணாதெண்டு அவனுக்குமோ?" என்றார். ஆனால் பத்திரத்தை மடிக்கவிடாமல் உறைக்குள் போட்டு வைத்தவர் அவர்தான்.

முப்பத்தொன்று கழிந்தது. அடுத்த கிழமையே சின்யோரா பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். எனக்குப் போக விருப்பமில்லை. அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு பெயர் வைத்தால் அது அந்தக் கட்டடம் முழுக்க இறங்கும், கடைக்குப் போகும், தெருவுக்குப் போகும். அப்பா ஒருநாள் அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்கும் கொண்டு வருவார். அந்த வீட்டில் வாய் திறப்பதில்லை என்று நான் இருக்கிறவள்.

சின்யோரா சாய்வுநாற்காலியில் இருந்தார். எண்பது வயது கடந்தவர். பிள்ளையை மடியில் வாங்கி, நெற்றியில் முத்தமிட்டு, மூக்கு யாருடையது, காது யாருடையது என்று நியாயம் கதைத்தார். அப்பா கோப்பிக் கோப்பைகளோடு தட்டத்தைக் கொண்டு வந்தார்.

"என்ன பெயர் வைத்தீர்கள், சல்வோ?"

"காஹல், சின்யோரா. தகப்பனின் தகப்பன் பெயர்."

"அது சரி. ஆனால் என்ன பெயர் இது! மாதோன்னா!" அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "காஅல். காக்கல். இது எனக்கு வராது. கார்லோ என்று வைத்துக்கொள்வோம். என் கார்லூச்சோ!" பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்.

நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்பா சிரிப்பார், "சரி சின்யோரா" என்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா தட்டத்தை மேசையில் வைத்தார்.

"இல்லை, சின்யோரா. காஹல்."

"அதைத்தான் சொல்கிறேன், வராது என்று."

"வரும். உங்கள் கண்ணாடியைக் கழற்றுங்கள்."

"என்ன?"

"கழற்றுங்கள், சின்யோரா. துடைக்கும்போது அதில் எப்படி ஊதுவீர்கள்? அதே மூச்சுத்தான்."

அந்தம்மா அப்பாவை விசித்திரமாகப் பார்த்தார். இருபது வருடத்தில் அப்பா அவரைத் திருத்தியதை அவர் கண்டிருக்க மாட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் ஊதினார். ஹா.

"இப்போது கா. பிறகு அந்த மூச்சு."

"கா... ஹ... ல்."

"இன்னொரு தரம்."

"காஹல்." சின்யோரா பிள்ளையைக் குனிந்து பார்த்தார். "காஹல்! பார், சொல்லிவிட்டேன்! காஹல், காஹல்." பிள்ளை கொட்டாவி விட்டது. அவர் அதைத் தனக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவர் கோப்பையை எடுத்துக் கொடுப்பதில் குனிந்திருந்தார்.

"சல்வோ, சீனி போடவில்லை" என்றார் சின்யோரா.

"இதோ, சின்யோரா" என்று அப்பா அடுப்படிக்குப் போனார்.

வரும்போது பஸ்ஸில் பிள்ளை அப்பாவின் தோளில் நித்திரை. நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"அப்பா, அவவுக்கு உங்கடை பேரையும் அப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கலாம்தானே?"

அப்பா பிள்ளையின் தலையைக் கொஞ்சம் நேராக்கிப் பிடித்தார்.

"எனக்கு அது வேலைப் பேர், பிள்ளை. இவன் இன்னும் ஒருத்தரிட்டையும் வேலைக்குப் போகேல்லை."